முதல் பெஞ்சில் உட்கார்ந்த கறுப்புப் பெண்

பள்ளியில் என் பெயர் கருவாடு. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை மிஸ் மட்டும் காலையில் ஒருமுறை கூப்பிடுவார். அதோடு சரி.

நாங்கள் கோவிலம்பாக்கத்தில் இருந்தோம். அம்மா மீன் விற்றாள். அப்பா நீலாங்கரைப் பக்கத்துக் குப்பத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருஷங்களில் கோவிலம்பாக்கத்தில் வயல் இருந்த இடமெல்லாம் ஃப்ளாட் வந்தது. ஃப்ளாட் வந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் மீன் போகும். அம்மா அவ்வளவுதான் யோசித்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு வந்து மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்தாள். விடியுமுன் ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போய் மீன் எடுத்து வருவாள். மார்க்கெட் ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, பலகை போட்டு, ஐஸ் கொட்டி உட்காருவாள்.

என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாள். சின்னப் பள்ளி. மேலே தகர ஷீட். மழை பெய்தால் மிஸ் பேசுவது கேட்காது. ஆனாலும் டை உண்டு, ஷூ உண்டு.

நான் கறுப்பு. வகுப்பில் வேறு பிள்ளைகளும் கறுப்பாக இருந்தார்கள். அவர்கள் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள். நானும் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். சாம்பலில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. முகத்தைக் கழுவிவிட்டுப் போனேன். அதற்கப்புறம் போடவில்லை.

என் இடம் கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். மீன் வாசம் வருகிறது என்று யாரோ வீட்டில் சொல்லி, அவர்கள் பள்ளியில் வந்து சொல்லி, மிஸ் என்னை அங்கே மாற்றினார். “அங்க காத்தோட்டமா இருக்கும்மா” என்றார். காற்று யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பக்கத்தில் ஒரு நேபாளத்துப் பெண். அவள் அப்பா ஃப்ளாட்டில் வாட்ச்மேன். அவள் வெள்ளை. நல்ல வெள்ளை. இந்த நிறத்துக்கு இவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள் என்று நினைத்தேன். அவளுக்கு சைனா என்று பேர் வைத்தார்கள். அவளையும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். வெள்ளையாக இருந்தாலும் கண் சின்னதாக இருக்கக் கூடாது போலிருக்கிறது. அன்றிலிருந்து நான் பவுடரைப் பற்றி யோசிப்பதை விட்டேன்.

பேர் வைத்தவன் ஊர்க்காரர் வீட்டுப் பையன். பழைய குடும்பம். ஃப்ளாட் நிற்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் அவன் தாத்தா உழுதது. நிலத்தை விற்று, ரோட்டு மேல் சிமென்ட் கடை வைத்திருந்தார்கள். அவனும் வெள்ளை இல்லை. அதை அவனிடம் யாரும் சொன்னது கிடையாது.

“டேய், கருவாடு வருது. மூக்க மூடு.”

நான் பேசாமல் போவேன். நேபாளத்துப் பெண் பேசுவாள். வந்த ஒரு வருஷத்தில் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். திட்டுவதை முதலில் கற்றுக்கொண்டாள்.

“சைனா, டிஃபன்ல இன்னா? பாம்பா?”

“ஆமா. உங்க அப்பாதான் புடிச்சுக் குடுத்தாரு. தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு.”

பள்ளியில் நூலகம் என்று ஒரு இரும்பு பீரோ இருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு ஃப்ளாட்காரர் தன் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்தார். நான் டெஸ்க் மேல் பென்சிலால் வரைந்துகொண்டே இருப்பேன். அதைப் பார்த்த மிஸ், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். “இது ஃபுல்லா படம்தான். உனக்குப் பிடிக்கும்” என்றார். அவர் நல்லவர். அதை நான் எப்போதும் சொல்வேன்.

படக்கதை. கட்டம் கட்டமாகப் படம். பேசுவது மேலே வெள்ளை வட்டத்தில். எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பாதி படிக்க வராது. படத்தை வைத்துப் புரிந்துகொண்டேன்.

ஒரு பெண். என் வயசு. என்னைவிடக் கறுப்பு. முடி சுருட்டை, கொத்துக் கொத்தாக. புதுப் பள்ளிக்கு வருகிறாள். அங்கே எல்லாரும் வெள்ளை. ஒருத்தி இவள் முடியைக் கேட்காமலே தொட்டுப் பார்க்கிறாள். சாப்பிடும்போது இவள் தனியாக உட்காருகிறாள். ஒரு பக்கம் முழுக்கக் கடல். அவள் கரையில் நிற்கிறாள்.

கடல் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இவள் குப்பத்துப் பெண்.

வீட்டுக்குக் கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

“எந்தக் குப்பம் இது?”

“தெர்லம்மா.”

“பில்டிங்கெல்லாம் பெரிசா கீது. பட்டினப்பாக்கம் பக்கமா?”

“இருக்கும்.”

“முடியப் பாரு. எண்ணெய் பார்த்து எத்தினி நாளாச்சோ. அவ அம்மாக்காரி இன்னா பண்றா?”

“மீன் வித்துகினு இருப்பா.”

அம்மா என் தலையில் தட்டினாள்.

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். இந்தப் பெண் எந்தக் குப்பம் என்று. மிஸ் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை. “அமெரிக்காம்மா அது” என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. வெளிநாட்டில் எல்லாரும் வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். கெளுத்திக்கு முள் ஒடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“ஃபாரின்லயா? அங்கயும் நம்மள மாதிரி கீறாங்களா?”

“கீறாங்களாம்.”

“அங்கயும் இதே பேஜார்தானா?”

“அதே பேஜார்தான்.”

அடுத்த கெளுத்தியை எடுத்து முள்ளை ஒடித்தாள். அப்புறம் சொன்னாள்: “புக்குல போட்டுக்கீறாங்களே. பரவால்ல.”

அந்த வருஷம் பள்ளியில் பெற்றோர் நாள் வைத்தார்கள். தாழ்வாரச் சுவரில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இடம். படம், சார்ட், கைவேலை, எது வேண்டுமானாலும் ஒட்டலாம். எங்கள் ஆறாம் வகுப்புக்குப் படக்கதை ஒட்டலாம் என்று மிஸ் சொன்னார். “யார் வரையறீங்க?” என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் வாசத்துக்காக அல்லாமல் வேறு ஒன்றுக்காக என்னைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நேபாளத்துப் பெண்ணும் நானும் சேர்ந்து செய்தோம். நான் வரைந்தேன். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். பேச்சை அவள் எழுதினாள். சார்ட் பேப்பரை வெட்டி அளவாக எடுத்துக்கொண்டோம். முதல் பக்கத்தில் பள்ளியின் பெயரைப் பெரிசாக எழுதினோம். அப்படித்தான் எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

கதை இதுதான். ஒரு கறுப்புப் பெண் பள்ளிக்கு வருகிறாள். ஒரு பையன் மூக்கைப் பிடிக்கிறான். கடைசி பெஞ்சுக்குப் போ என்கிறார்கள். அவள் போகவில்லை. முதல் பெஞ்சில் உட்காருகிறாள். சின்னக் கண் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்காருகிறாள். முடிந்தது.

கலர் போட என் பென்சில் பெட்டியை எடுத்தேன். அதில் முகத்துக்கு என்று எல்லாரும் போடுவது வெளிர் ஆரஞ்சு. வகுப்பில் அதற்கு ஸ்கின் கலர் என்றுதான் பேர். என் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது யார் ஸ்கின் என்று எனக்குத் தெரியவில்லை. பிரவுனை முதலில் அழுத்திப் போட்டு, மேலே கறுப்பை லேசாகத் தேய்த்தேன். சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸிடம் கொண்டு போனோம். திங்கள்கிழமை பெற்றோர் நாள்.

“ட்ராயிங் சூப்பர்மா” என்றார். பக்கங்களைத் திருப்பினார். “ஆனா ஹீரோயின் ஏன் இவ்ளோ டார்க்?”

“அவ அந்தக் கலர் மிஸ்.”

“பேரன்ட்ஸ் எல்லாம் வர்றாங்க. பார்க்க பளிச்சுன்னு இருக்கணும்ல?”

மிஸ் அந்தப் பெண்ணின் முகத்தில் விரலை வைத்தார்.

“இவள ஃபேரா மாத்திடு. டார்க்கா ஒருத்தர் வேணும்னா ஆயாம்மாவப் போட்டுக்கோ. ஸ்கூல்னா ஆயாம்மா இருப்பாங்க இல்ல?”

நேபாளத்துப் பெண் கேட்டாள்: “மிஸ், நான்?”

“உன் கண்ண மட்டும் கொஞ்சம் பெரிசா போடச் சொல்லு. அழகா இருக்கும்.”

“அப்போ அது நான் இல்ல மிஸ்.”

“கதைதானேம்மா.”

நான் சொன்னேன்: “நீங்க குடுத்த புக்குல அவ கருப்புதான மிஸ்?”

மிஸ் முகம் கொஞ்சம் மாறியது. “அது ஃபாரின் கதை. அங்க அப்படிப் போடுவாங்க. நம்ம ஊர்ல யார் பார்ப்பா?” மறுபடியும் பக்கங்களைத் திருப்பினார். “சரி, உட்கார்ந்ததுக்கு அப்புறம் என்ன ஆகுது? பரிசு வாங்கறாளா? ஃபர்ஸ்ட் ரேங்க்கா?”

“ஒன்னும் ஆகல மிஸ். உட்கார்றா.”

“அவ்ளோதானா?”

“எழுந்துக்கல.”

மிஸ் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “திங்கக்கிழமை காலையில மாத்தி எடுத்துட்டு வா. இல்லேன்னா நான் வேற ஏதாவது ஒட்டிப்பேன்.” கோபமாகச் சொல்லவில்லை. இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

வெளியே வந்ததும் நேபாளத்துப் பெண் கேட்டாள்: “மாத்தப் போறியா?”

“இல்ல.”

“சரி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் ஊரே இருக்கும். நான் அம்மாவோடு கடைக்குப் போவேன். ஐஸ் உடைப்பது, தண்ணீர் தெளிப்பது என் வேலை. அன்றைக்குத் தாள்களையும் எடுத்துப் போயிருந்தேன். வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லை. பலகை ஓரத்தில் வைத்தேன். ஐஸ் தண்ணீர் ஓடி வந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். “ஏய், நனையுது பாரு.” எடுத்தாள். வைக்க இடமில்லை. தார்ப்பாய் கட்டியிருந்த கயிற்றில், துணி காயப்போடும் கிளிப்பை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினாள். மாட்டும்போதுதான் பார்த்தாள்.

“யாரு இது?”

“நான்.”

“கலர் சரியா கீது” என்றாள். “பக்கத்துல?”

“வாட்ச்மேன் பொண்ணு.”

“இத எதுக்கு வூட்டுக்குத் தூக்கியாந்த? இஸ்கோலுக்குதான வரைஞ்ச?”

சொன்னேன். வெளுப்பாக மாற்றச் சொன்னார்கள், மாற்றாவிட்டால் ஒட்ட மாட்டார்கள் என்று. அம்மா கேட்டுக்கொண்டே கத்தியைக் கல்லில் தீட்டினாள்.

இன்னும் ஒரு வியாபாரமும் ஆகவில்லை. அப்போது மிஸ் வந்தார். கையில் ஒயர் கூடை. மிஸ் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். அவ்வப்போது அம்மாவிடம்தான் வாங்குவார்.

மீன்காரர்களுக்கு முதல் வியாபாரம் போணி. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். போணிக்கு வந்தவரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது. அவர் சொல்கிற விலைக்காவது கொடுத்து அனுப்ப வேண்டும். போணிக்கு வந்தவர் வெறுங்கூடையோடு திரும்பினால் அன்றைய நாள் போயிற்று என்று அர்த்தம். அம்மா இதைச் சாமி மாதிரி நம்புவாள். போணிக் காசைக் கண்ணில் ஒற்றி, தராசில் தொட்டு, அப்புறம்தான் சுருக்குப் பையில் போடுவாள். ஒருமுறை குடித்துவிட்டு வந்தவன் ஒருவன் பாதி விலைக்குக் கேட்டான். போணி என்று கொடுத்தாள். அவன் போனபிறகு திட்டினாள்.

“வாங்க மிஸ்ஸு. சங்கரா இருக்கு. இப்பதான் வந்துச்சு. கண்ணப் பாருங்க.”

மிஸ் கண்ணைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். முதல் தாளில் பள்ளியின் பெயர் இருந்தது.

“என்னம்மா இது? இங்க ஏன் மாட்டி வெச்சிருக்கீங்க?”

“நனையுது மிஸ்ஸு. அதான்.”

“ஸ்கூல் பேர் போட்டிருக்கு. மீன் கடையில தொங்கினா நல்லாவா இருக்கும்? கழட்டிடுங்க.”

“கொஞ்சம் காயட்டும் மிஸ்ஸு. எவ்ளோ போடட்டும்? ஒரு கிலோ?”

“முதல்ல அத கழட்டுங்க. அப்புறம் வாங்கறேன்.”

அம்மா தராசைக் கையில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கடை அக்கா கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். போணி என்பது அவளுக்கும் தெரியும்.

நானே எழுந்து கழற்றிவிடலாம் என்று பலகையைப் பிடித்தேன்.

“உட்காரு” என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன்.

“மிஸ்ஸு, உங்க செவுத்துல நீங்க ஒட்டல. அது உங்க செவுரு. நான் கேக்கல. இது என் கயிறு.”

“நான் உங்க பொண்ணு நல்லதுக்குதாம்மா சொல்றேன்.”

“இன்னா நல்லது? நான் பெத்தது இந்தக் கலரு. இதுல இன்னாத்த மாத்தறது?”

“அப்போ உங்களுக்கு மீன் விக்க வேணாமா?”

அம்மா தராசைக் கீழே வைத்தாள். “போணி போனா போவுது மிஸ்ஸு. போய்ட்டு வாங்க.”

பக்கத்துக் கடை அக்கா “அடிப்பாவி” என்று வாய்விட்டுச் சொன்னாள். மிஸ் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். போனார்.

அம்மா ஒரு சங்கராவை எடுத்துச் செதில் உரிக்க ஆரம்பித்தாள். வாங்க ஆள் இல்லாமலே உரித்தாள். பக்கத்துக் கடை அக்கா, “உப்பு சுத்திப் போடுடி, இன்னிக்கு ஒன்னும் ஓடாது பாரு” என்றாள். அம்மா சுற்றவில்லை.

ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. ஐஸ் கரைந்தது. நான் உடைத்துப் போட்டேன். அக்கா சொன்னது பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் ஊர்க்காரர் வீட்டுப் பையன் அவன் அப்பாவோடு வந்தான். அவன் அப்பா பெரிய உருவம், வெள்ளை வேட்டி. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்குவார். குனிந்து மீனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணுக்கு நேராகத் தாள் தொங்கியது. படித்தார். இரண்டாவது தாளுக்குப் போனார். நகர்ந்து நகர்ந்து கடைசி வரை படித்தார்.

“டேய், இங்க வா. மூக்கப் புடிச்சிகினு நிக்கறது யாரு? நீதான?”

பையன் எட்டிப் பார்த்தான்.

“நான் இல்ல.”

“சட்டையில பட்டன் இல்லாம நீதான் போற. நீதான்டா.” அவர் சத்தமாகச் சிரித்தார். மார்க்கெட்டில் நாலு பேர் திரும்பினார்கள்.

பையன் என்னிடம் வந்தான். “நான் இவ்ளோ குண்டா இல்ல.”

“இருக்க” என்றேன்.

அதுதான் நான் அவனுக்குச் சொன்ன முதல் பதில்.

அவன் அப்பா வஞ்சிரம் வாங்கினார். அன்றைக்கு அதுதான் முதல் காசு; ஆனாலும் அம்மா அதைக் கண்ணில் ஒற்றவில்லை. நேராகப் பையில் போட்டாள். அவர் சிரித்த சத்தத்துக்கு வேறு சிலர் வந்தார்கள். சிலர் மீன் வாங்கினார்கள். சிலர் படித்துவிட்டுச் சும்மா போனார்கள். ஒரு அம்மா, “கருப்பா போட்டிருக்கியே, கொஞ்சம் களையா போட்டிருக்கலாம்ல” என்றாள். “களையாதான் கீது. துட்டு எடு” என்றாள் என் அம்மா. வியாபாரம் வழக்கமான ஞாயிறு அளவுக்கு இல்லை. மிச்ச மீனுக்கு உப்புப் போட வேண்டி வந்தது. அது போணியாலா, மிஸ்ஸாலா, வெயிலாலா என்று எனக்குத் தெரியாது. அம்மா போணியால்தான் என்றாள். சொல்லிவிட்டு, “இருக்கட்டும்” என்றாள்.

சாயங்காலம் வரை தாள்கள் தொங்கின. நேபாளத்துப் பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவர் வாட்ச்மேன் சட்டையிலேயே வந்திருந்தார். தமிழ் படிக்கத் தெரியாது. மகள் படித்துச் சொன்னாள். சின்னக் கண் பெண்ணைக் காட்டி, தன் மகளைக் காட்டி, “சேம்” என்றார். அவர் மீன் வாங்கவில்லை. தாளைத் தொடாமல், விரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

திங்கள்கிழமை மிஸ் கேட்டார்: “மாத்தினியா?”

“இல்ல மிஸ்.”

தாழ்வாரத்தில் எங்கள் வகுப்பு இடத்தில் காய்கறிச் சத்துகள் சார்ட் ஒட்டியிருந்தது. பெற்றோர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஊர்க்காரப் பையனின் அப்பா மட்டும் கேட்டாராம்: “மீன் கடையில இருக்கற கதைய ஏன் இங்க ஒட்டல?” மிஸ் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. என் பெஞ்சு மாறவில்லை. பேரும் உடனே மாறவில்லை. ஆனால் அந்தப் பையன் மூக்கைப் பிடிப்பதை விட்டுவிட்டான். பிடித்தால் நான் வரைவேன் என்று பயம்.

எட்டாவதோடு நான் நின்றுவிட்டேன். அது வேறு கதை.

அடுத்த ஞாயிறும் மாட்டினேன். நேபாளத்துப் பெண் இன்னொரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதையும் வரைந்து மாட்டினேன். தண்ணீர் தெளித்து, மீன் ரத்தம் பட்டு, தாள் பழுப்பாகிப் போகும்வரை மாட்டினேன். போனதும் புதிதாக வரைந்தேன். முதல் தாளில் பள்ளியின் பெயரை விட்டுவிட்டேன்.

மிஸ் அதற்கப்புறம் மீன் வாங்க வரவில்லை. தன் வீட்டுக்காரரை அனுப்பினார். அவர் ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். வந்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு முதல் தாளிலிருந்து ஆரம்பிப்பார். பின்னால் ஆள் காத்திருந்தாலும் நகர மாட்டார். முழுக்கப் படித்துவிட்டுத்தான் சங்கரா என்ன விலை என்று கேட்பார்.

அம்மா அவருக்கு ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை.